நாற்பத்தைந்து கடந்த வன்னிப் பெண்களின் களைப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஒக்டோபர் 18 ஆம் திகதி உலக மாதவிடாய் நிறைவு தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. வன்னியில் அந்த நாள் வரும்போது காலபோக விதைப்புக்காக உழவு இயந்திரங்கள் வயலுக்குள் இறங்கியிருக்கும். வீடுகளில் கேதாரகௌரி விரதத்துக்கான காரியங்கள் நடந்துகொண்டிருக்கும். இரண்டிலும் முன்னுக்கு நின்று பாடுபடுபவர்கள் நாற்பத்தைந்துக்கும் ஐம்பத்தைந்துக்கும் இடைப்பட்ட பெண்களே. “அதுக்கும் ஒரு நாள் இருக்கோ?” என்று அவர்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். அந்த வயதில் அவர்களைப் பிடித்துக்கொள்ளும் களைப்பைப் பற்றியே இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீண்டுவிட்டால் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் உடம்பு திடீரென்று கொதிப்பதையும் வியர்த்துக் கொட்டுவதையும் பற்றி எங்கள் பெண்கள் ஓரளவுக்குப் பேசுகிறார்கள். கிணற்றடியிலும் கோயில் மடப்பள்ளியிலும் அந்தக் கதை வரும். களைப்பு அப்படிப் பேச்சில் வருவதில்லை. “ஏலாமல் கிடக்கு” என்று ஒரு சொல்லோடு முடித்துவிட்டு அடுத்த வேலைக்கு எழுந்து போகிறார்கள். கேட்பவர்களும் வயது போகிறது என்று சொல்வார்கள், அல்லது பட்ட துன்பம் கொஞ்சமோ என்று சொல்வார்கள். இரண்டும் அன்போடு சொல்லப்படுகிற பதில்கள்தான். ஆனால் அந்தப் பதில் வந்த பிறகு யாரும் மேற்கொண்டு எதையும் விசாரிப்பதில்லை. அந்த இரண்டாவது பதிலை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு ஏறக்குறைய ஒரு வருடத்தை இழந்தவள் என்பதால்தான் எழுதத் துணிந்தேன்.

நான் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை. 2011 ஆம் ஆண்டில் எனக்கு 48 வயது. போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி ஒரு வருடம் ஆகியிருந்தது. வீடும் தகரக் கொட்டில், பாடசாலையும் தகரக் கொட்டில். ஒருநாள் எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது கை தானாகக் கீழே வழுகியது. எழுதிய வரி சரிந்து பலகையின் விளிம்பு வரைக்கும் ஒரு வெள்ளைக் கோடாக இழுபட்டது. நெற்றியைப் பலகையில் முட்டுக்கொடுத்தபடி சிறிது நேரம் அப்படியே நின்றேன். பின்னால் பிள்ளைகளின் சத்தம் ஒன்றும் இல்லை. நான் அழுகிறேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆசிரியர்கள் வகுப்பில் அழுவது அவர்களுக்குப் புதிதல்ல. நான் அழவில்லை. எனக்கு நிற்பதற்குப் பலம் இருக்கவில்லை.

இரவுகள் அதைவிடப் பாடாக இருந்தன. ஒரு மணி, இரண்டு மணிக்கு நெஞ்சிலிருந்து ஒரு வெக்கை கிளம்பிக் கழுத்துக்கும் முகத்துக்கும் ஏறும். சட்டையின் முதுகுப்பக்கம் முழுவதும் நனைந்துவிடும். ஐந்து நிமிடத்தில் அது அடங்கிப் பிறகு குளிரும். கிணற்றடிக்குப் போய் ஈரச் சீமெந்தில் காலை வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்த நாள்கள் உண்டு. மாதவிடாயும் ஒழுங்கில்லாமல் இருபது நாளுக்கு ஒருமுறை வந்து, பத்து நாள் வரைக்கும் கட்டி கட்டியாகப் போனது. நிற்கப்போகிற காலத்தில் அப்படித்தான் போகும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள், நானும் கேட்டுக்கொண்டேன். தனியார் மருந்தகம் ஒன்றுக்கு இரண்டு முறை போனேன். அங்கே ‘சத்து ஊசி’ போட்டு, சேலைன் ஏற்றி, காசு வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். எவ்வளவு இரத்தம் போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் ஆண் வைத்தியரிடம் அதை வாய்திறந்து சொல்லவில்லை. தவறு இரண்டு பக்கமும் இருந்தது.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல மாதுதான். பக்கத்து வீட்டில் பிறந்த குழந்தையைப் பார்க்க வந்தவர் என்னைப் படலையில் கண்டு, “ரீச்சர், இஞ்ச வாங்கோ, கண்ணைக் காட்டுங்கோ” என்று சொல்லிக் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பே இல்லை என்றார். அடுத்த கிழமை அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் சோதித்தபோது ஈமோகுளோபின் 7.6 என்று வந்தது. கர்ப்பமில்லாத ஒரு பெண்ணுக்கு அது 12 க்குக் குறையக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு, இரத்தப்போக்கைக் குறைக்கக் குளிசையும் இரும்புச்சத்துக் குளிசையும் தந்தார்கள். மூன்றாம் மாதத்தில் நிறைவாளியைக் கிணற்றடியிலிருந்து குசினி வரைக்கும் இடையில் வைக்காமல் தூக்கிக்கொண்டு வந்தேன். அன்றைக்குத்தான், போரும் முகாமும் என் உடம்பிலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டதாக நான் நினைத்த பலத்தில் ஒரு பங்கை எடுத்தது வேறொன்று என்பது எனக்கு விளங்கியது.

என்னைப்போல இன்னொருவர் அந்த வருடத்தை இழக்கக் கூடாது என்பதற்காக, அதன் பிறகு வைத்தியர்களிடமும் தாதியரிடமும் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாக வைத்தியர்கள் கொள்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு அது 45 க்கும் 55 க்கும் இடையில் நிகழ்கிறது. ஆனால் அதற்கு முந்திய நாலைந்து ஆண்டுகளிலேயே சூலகங்கள் தளரத் தொடங்கிவிடுகின்றன. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் என்ற இரண்டு ஓமோன்களும் ஒரு மாதம் ஏறி மறுமாதம் இறங்கி நிலையில்லாமல் தளம்புகின்றன. மூளையில் உடம்பின் சூட்டை அளந்து சீர்செய்கிற பகுதி ஈஸ்ட்ரோஜன் குறையும்போது தடுமாறி, சிறிய சூட்டையும் பெரும் சூடாக எண்ணி இரத்தக் குழாய்களை விரித்து வியர்க்கச் செய்கிறது. இரவில் அது நடக்கும்போது நித்திரை துண்டு துண்டாக முறிகிறது. புரோஜெஸ்ட்ரோனுக்கு இயல்பாகவே நித்திரையைத் தருகின்ற தன்மை உண்டு. அதுவும் குறைந்துபோனால் முறிந்த நித்திரை மறுபடி ஒட்டுவதில்லை. ஒரு கிழமை அல்ல, சிலருக்கு ஏழு ஆண்டுக்கு மேலாகவும் இது நீள்கிறது. ஏழு ஆண்டு அரைத்தூக்கத்தோடு விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டுகிற ஒரு பெண்ணைச் சோம்பேறி என்றோ சிடுமூஞ்சி என்றோ சொல்ல வீட்டிலுள்ள எவருக்கும் உரிமை இல்லை.

இது மாதவிடாய் நிற்பதனால் நேரடியாக வருகிற களைப்பு. இதனோடு ஒட்டிக்கொண்டு வருகின்ற வேறு களைப்புகளைப் பிரித்தறிவதுதான் மிகவும் முக்கியம் என்று நான் கருதுகிறேன். முதலாவது, என்னைப் பிடித்த இரத்தச் சோகை. மாதவிடாய் நிற்பதற்கு முந்திய ஆண்டுகளில் இரத்தம் அதிகமாகப் போவதால், இதே வயதில் அது பல பெண்களுக்கு வருகிறது. தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் களைப்பு வரும். உடம்பு பருக்கும், மலம் இறுகும், தோல் வரளும், மறதியும் வரும். இவை எல்லாமே மாதவிடாய் நிற்பதன் குறிகளைப் போலவே இருப்பதால் ஒன்றை மற்றொன்றாக எண்ணி ஏமாந்துவிடுவது எளிது. சீனி வருத்தமும் முதலில் களைப்பாகத்தான் தலைகாட்டும். வவுனியாவிலும் அதைச் சூழ்ந்த விவசாயக் கிராமங்கள் சிலவற்றிலும் சிறுநீரக நோய் காணப்படுவதால், அங்குள்ளவர்கள் அந்தச் சோதனையையும் செய்துகொள்ள வேண்டும். மச்சம் முற்றாக விலக்கியவர்களுக்கு விற்றமின் பி12 குறைந்திருக்கக்கூடும். குறட்டை விட்டு மூச்சு முட்டி விழிப்பவர்கள் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். நித்திரையில் மூச்சுத் தடைப்படும் நோய் மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு அதிகமாக வருகிறது. இவற்றில் பெரும்பாலானவற்றை ஒரு நாள் காலையில் எடுக்கும் இரத்தத்தைக்கொண்டே அறிந்துவிடலாம். ஆகவே, களைப்பு என்று வருகிற ஒரு பெண்ணை இரத்தம் சோதிக்காமல் “இது மாதவிடாய் நிற்கிற களைப்பு” என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும், “வயது” என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் ஒரே பிழைதான்.

இன்னொன்றைத் தயங்காமல் எழுத வேண்டியிருக்கிறது. பன்னிரண்டு மாதம் நின்றுபோன பிறகு ஒரு துளி இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், அதைக் கட்டாயம் வைத்தியரிடம் காட்ட வேண்டும். அது சாதாரண காரணத்தாலும் வரலாம்; கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதற் குறியாகவும் இருக்கலாம். “திரும்ப வந்திட்டுது” என்று சந்தோஷப்பட்ட ஒருவரை நான் அறிவேன். அதேபோல, நாற்பது வயதுக்கு முன்னரே நின்றுபோனவர்களும், சத்திரசிகிச்சையில் சூலகங்கள் அகற்றப்பட்டவர்களும், அது விதி என்று இருந்துவிடாமல் வைத்திய ஆலோசனை பெற வேண்டும். எலும்பும் இருதயமும் அவர்களுக்கு முந்தியே பாதிக்கப்படும்.

கோயில் சம்பந்தமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கோ புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கலுக்கோ நேர்த்தி வைத்தவர்கள், அந்த நாளில் வந்துவிடக் கூடாது என்று பாமசியில் குளிசை வாங்கித் தள்ளிப்போடுகிறார்கள். இளம் வயதிலும் அது வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டிய காரியம். நாற்பத்தைந்து கடந்து மாதவிடாய் குழம்பியிருக்கும்போது அப்படிச் செய்தால், எது குளிசையால் வந்த மாற்றம், எது நோயால் வந்த மாற்றம் என்று வைத்தியருக்கே தெரியாமல் போய்விடும். நான் அம்மன்மீது பக்தி உள்ளவள். அந்தப் பக்தியோடுதான் இதை எழுதுகிறேன்.

விரதத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெள்ளி, சதுர்த்தி, கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி இருபத்தொரு நாள் என்று ஐப்பசி மாதம் எங்கள் பெண்களுக்குச் சோறு குறைந்த மாதம். இரத்தம் குறைந்திருக்கிற பெண் வெறும் தண்ணீரோடும் பிளேன்ரீயோடும் பகல் முழுக்க இருந்து, மாலையில் எல்லாருக்கும் சமைத்துப் படைத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டால் மறுநாள் எப்படி வயலில் நிற்க முடியும்? நான் அந்த வருடம் பால், பழம், அவித்த பயறு என்று மாற்றிக்கொண்டேன். ஐயரிடம் கேட்டபோது, ஏலாதவர்களுக்கு அதற்கு இடமுண்டு என்றுதான் அவரும் சொன்னார்.

உணவைப் பற்றிச் சொல்லும்போது, கடையில் வாங்கும் சத்துமா டப்பாக்களைத் தேடிப் போகத் தேவையில்லை என்பதை முதலில் சொல்கிறேன். எங்கள் வளவிலும் குளத்திலும் கிடைப்பவை போதும். முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, பயறு, உழுந்து, கௌபி, கச்சான், எள்ளு ஆகியவற்றில் இரும்பும் புரதமும் வெவ்வேறு அளவில் உண்டு. குரக்கன் மா 100 கிராமில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கல்சியம் உண்டு, முள்ளோடு சாப்பிடும் நெத்தலியும் சூடையும் எலும்புக்கு நல்லவை, தயிரும் அப்படியே. குளத்து ஜப்பான் மீன் (திலாப்பியா) விலை குறைந்த நல்ல புரதம். ஆனால் மீனை ஆம்பிளைக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டுத் தாய் குழம்பை மட்டும் விட்டுச் சாப்பிடுகிற வழக்கம் இருக்கும்வரை அதை எழுதிப் பயனில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் தசைகள் விரைவாகக் கரைகின்றன. அந்த வயதில் புரதம் அதிகமாகத் தேவைப்படுகிறவள் தாய்தான்.

தேநீரைப் பற்றி இரண்டு வார்த்தை. களைப்பு வந்தால் எங்கள் மருந்து பிளேன்ரீ. சோற்றோடோ, சோறு உண்ட கையோடோ குடிக்கிற தேநீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. ஒரு மணித்தியாலம் இடைவெளி விட்டாலே பெரும் வித்தியாசம் உண்டு. கீரைச் சுண்டலுக்குத் தேசிக்காய் பிழிந்துகொண்டால் இரும்பு கூடுதலாகச் சேரும். இரும்புக் குளிசையைத் தேசிக்காய்த் தண்ணீரோடு விழுங்கச் சொல்வதும் அதனால்தான். அந்தக் குளிசையால் மலம் கறுக்கும், சிலருக்கு வயிறு இறுகும். அதைக் கண்டு பயந்து பாதியில் விட்டவர்கள் பலர். ஈமோகுளோபின் சரியான அளவுக்கு வந்த பிறகும் உடம்பின் சேமிப்பு நிரம்புவதற்கு இன்னும் மூன்று மாதமளவில் அதை எடுக்க வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. கல்சியம் குளிசையையும் இரும்புக் குளிசையையும் ஒன்றாகப் போடக் கூடாது. பின்னேரம் மூன்று மணிக்குப் பிறகு தேநீரை நிறுத்திப் பார்த்தால் இரவு நித்திரையில் மாற்றம் தெரியும், எனக்குத் தெரிந்தது. புகையிலையோடு வெற்றிலை போட்டுக் களைப்பைக் கடக்கிறவர்களுக்கு, அது கடன் வாங்கிக் கடன் அடைக்கிற வேலை என்பதையும், வாய்ப் புற்றுநோய் அந்தப் பக்கத்தால்தான் வருகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இரவைப் பற்றி ஆலோசனை சொல்கிறவர்கள், யன்னலைத் திறந்துவிட்டுக் காற்றோட்டமான அறையில் படுக்கச் சொல்கிறார்கள். ஆண்துணையின்றிப் பெண்கள் தலைமை தாங்குகின்ற குடும்பங்கள் வன்னியில் ஏராளம். அங்கே தாயும் பெண்பிள்ளைகளும் கதவையும் யன்னலையும் இறுகச் சாத்தித்தான் படுக்கிறார்கள்; மேலே தகரமோ சீற்றோ பகல் முழுக்க வாங்கிய வெயிலை இரவில் இறக்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு யன்னலைத் திறவுங்கள் என்று சொல்வது எப்படி? யன்னலுக்குக் கம்பியும் வலையும் போட்டுக்கொடுப்பதும், கூரைக்குக் கீழே கிடுகுத் தட்டி ஒன்று கட்டுவதும் ஒரு வீட்டுத்திட்டத்துக்குப் பெரிய செலவல்ல. அது ஒரு பெண்ணின் சுகாதாரச் செலவு என்று அதிகாரிகள் எண்ண வேண்டும். மற்றபடி, படுக்குமுன் ஒரு முழுக்குப் போடுவது, பருத்திச் சட்டை, தலைமாட்டில் மண்பானைத் தண்ணீரும் ஈரத்துவாயும், இரவுச் சாப்பாட்டில் உறைப்பைக் குறைப்பது, தினமும் ஒரே நேரத்தில் எழும்புவது ஆகியவை எனக்கு உதவின.

தேகப்பயிற்சி களைப்பைக் குறைக்கும் என்பதும் உண்மை. கிழமைக்கு 150 நிமிடம் வேகமான நடையும், இரண்டு நாள் தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் இதை எல்லாருக்கும் ஒரே மாதிரிச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். அலுவலகத்தில் இருப்பவர்களும், என்னைப்போன்ற ஆசிரியைகளும், நாள் முழுக்கத் தையல் மெஷினில் குனிந்திருப்பவர்களும் கட்டாயம் நடக்க வேண்டும். நான் காலையில் வாய்க்கால் கரையோரம் அரை மணித்தியாலம் நடந்த நாள்களில், நடக்காத நாள்களைவிட நன்றாக நித்திரை கொண்டேன். காலை ஆறு மணிக்குக் கச்சான் பிடுங்கப் போய் நண்பகல் வரை குனிந்து நிற்கிற பெண்ணிடம் போய் நடக்கச் சொல்வது நியாயமா? விசுவமடுப் பக்கம் ஒரு தோட்டத்தில், வரம்பில் குந்தியிருந்த ஒருவரை நான் கண்டேன். கையில் பிடுங்கிய கச்சான் கொடி, வேரில் மண் இன்னும் ஈரம். எழும்பப் பார்க்கிறார், முடியவில்லை. முதலாளி பார்த்துவிடுவார் என்று கொடியிலுள்ள மண்ணைத் தட்டுவதுபோல பாவனை செய்துகொண்டிருந்தார். அவருக்கு வேண்டியது பத்து மணிக்கு நிழலில் கால் மணித்தியால ஓய்வும், உப்புச் சேர்த்த மோரும், நாள் கூலி குறையாது என்ற உறுதியும். நுண்கடன் தவணைக்காக உடம்பு ஏலாத நாளிலும் கூலிக்குப் போகிறவர்களின் களைப்புக்கு எந்தக் கீரையும் மருந்தாகாது.

மனச்சோர்வையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற தாய்மாருக்கும், இறுதிப் போரில் உறவுகளைக் கொடுத்தவர்களுக்கும் துக்கம் இருக்கிறது, அது நோயல்ல. ஆனால் மாதவிடாய் நிற்கும் காலத்தில் மனச்சோர்வு நோய் எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதும், அதற்குச் சிகிச்சை உண்டு என்பதும் உண்மை. எதிலும் மனம் ஒட்டாமல், சாப்பாடு இறங்காமல், இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே கிடந்தால் வைத்தியரைப் பார்க்க வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியிலும் பேசலாம். துக்கத்தைச் சாட்டாக வைத்து நோயைக் கவனியாமல் விட்டால் துக்கமும் தீராது, நோயும் தீராது.

ஓமோன் சிகிச்சையைப் பற்றி ஊரில் பயம் அதிகம். 2002 இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பெரும் ஆய்வுக்குப் பிறகு அது புற்றுநோயைத் தரும் என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. பின்னர் அந்தத் தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தவர்கள், அறுபது வயதுக்குக் குறைந்த, அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுகள் ஆகாத, வேறு நோயில்லாத பெண்களில் பெரும்பாலோருக்கு அதனால் வரும் நன்மை தீமையைவிட அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். இரவு வியர்வையைக் குறைப்பதில் அதற்கு நிகரான மருந்து வேறில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், இரத்தக் கட்டி வந்தவர்கள் போன்றோருக்குப் பொதுவாக அது கொடுக்கப்படுவதில்லை; கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனைத் தனியாகக் கொடுப்பதில்லை. ஆகவே அதைப் பெண்ணோயியல் வைத்திய நிபுணர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும். எல்லாருக்கும் அது வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படியொன்று இருக்கிறது, கேட்கலாம் என்பதைக்கூட அறியாமல் ஒரு பெண் பத்து வருடம் கிணற்றடியில் விடியக் கூடாது என்கிறேன்.

இனி, அதிகாரிகளிடம் என் வேண்டுகோள். இலங்கையில் 1996 ஆம் ஆண்டிலிருந்து சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ், சனங்கள் ‘வெல் வுமன் கிளினிக்’ என்று சொல்லும் பெண்நலக் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய்ச் சோதனை, மார்பகப் பரிசோதனை, பிறஷர், சீனி ஆகியவை அங்கே இலவசமாகப் பார்க்கப்படுகின்றன. 35 வயதில் வரச்சொல்லிக் குடும்பநல மாதுக்கள் வீடு வீடாகச் சொல்கிறார்கள். அது மிகப் பெரிய சேவை. அதே கிளினிக்கில் நாற்பத்தைந்து கடந்து வருகிற ஒவ்வொருவரிடமும் இரத்தம் எவ்வளவு போகிறது, இரவில் எத்தனை முறை விழிக்கிறீர்கள், பகலில் எப்படி இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்டு, ஈமோகுளோபினையும் அன்றே பார்த்துவிட வேண்டும். தைரொயிட் சோதனை தேவைப்பட்டால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தை அங்கேயே எழுதிக்கொடுக்கலாம். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் பெண்கள் நலனுக்கென்று 2024 இல் சிறப்பு நிலையம் ஒன்று திறக்கப்பட்டிருக்கிறது. ஒட்டுசுட்டானிலிருந்தோ துணுக்காயிலிருந்தோ ஒரு பெண் நாள்கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி அங்கே போவதென்றால், போகிற அன்றே எல்லாச் சோதனையும் முடிந்து வர வேண்டும். இரத்தம் கொடுக்க ஒருநாள், முடிவு பார்க்க ஒருநாள், வைத்தியரைக் காண இன்னொரு நாள் என்றால் அவர் முதல் நாளோடு நின்றுவிடுவார். கிளினிக்குக்குக் கிழமை நாளில் வரமுடியாத தினக்கூலிப் பெண்களுக்காக மாதத்தில் ஒரு ஞாயிறோ போயா நாளோ ஒதுக்கப்பட்டால் அது பெரும் உபகாரமாக இருக்கும்.

மாதர் சங்கங்களிடமும் ஒரு வேண்டுகோள். கடனும் கோழிக்குஞ்சும் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கிக் குடும்பநல மாதுவை அழைத்துப் பேசவையுங்கள். ஆண்களையும் ஒருநாள் இருத்துங்கள். ஐம்பது வயது மனைவி பின்னேரம் பாயில் சாய்ந்தால் அடுப்பில் உலையை வைக்கத் தெரிந்த ஆண் இருக்கிற வீட்டில் இந்தக் களைப்பு பாதியாகக் குறையும். என் கணவர் அந்த வருடத்தில் விடியற்காலைத் தேநீரைத் தானே ஊற்றத் தொடங்கினார். எனக்குக் கிடைத்த அந்த ஒரு மணித்தியால நித்திரை எத்தனை சத்து ஊசிக்குச் சமம் என்று என்னால் சொல்ல முடியாது.

கடைசியாகத் தங்களிடம் ஒரு உதவி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவிலும் பெண்நலக் கிளினிக் எந்தக் கிழமையில், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்ற விபரத்தைத் திரட்டி, ஒக்டோபர் 18 க்கு முந்திய ஞாயிறு இதழில் ஒரு பக்கமாக வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். வெட்டி எடுத்து எங்கள் வாசிகசாலைச் சுவரிலும் பஸ் தரிப்பிடத்திலும் ஒட்டுவதற்கு நான் பொறுப்பு.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
ஒட்டுசுட்டான்.